தோலுக்குத் தோல் உதவுமா? – அடுப்படி மிச்சத்தில் தோல், முடி பராமரிப்பு



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் மனுக்களை எடுத்தார்கள். ஒரு அக்கா 3,000 ரூபாய் கேட்டார். “எதுக்குங்க அக்கா?” என்று ஊக்குநர் கேட்டதற்கு “வீட்டுச் செலவுக்குத்தான்” என்றார். கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். “புள்ள கொஞ்சம் கருப்புங்க. ஒரு டியூப் வாங்கிப் போட்டா. ஒரு மாசம் பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் மூஞ்சியெல்லாம் செவந்து, பரு வந்து, மீசை மாதிரி முடி வேற மொளைக்குது. பியூட்டி பார்லர்ல சரி பண்ணிடலாம்னு சொன்னாங்க. அதுக்குத்தான் பணம்.”

பார்லருக்குப் போக வேண்டாம், முதலில் அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். டியூபைப் பார்த்த உடனே டாக்டர் அது ஸ்டீராய்டு களிம்பு என்று சொல்லிவிட்டார். கரப்பான் போன்ற நோய்க்கு டாக்டர் சொல்லும் சில நாட்கள் மட்டும் போட வேண்டிய மருந்து அது. முகக் கிரீம் மாதிரி தினமும் பூசினால் முதலில் நிறம் வெளுத்த மாதிரி தெரியும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் வெளியே தெரிந்து, வெயில் பட்டாலே எரிய ஆரம்பிக்கும். திடீரென்று நிறுத்தினாலும் முகம் இன்னும் பொங்கும். அதனால் டாக்டர் சொல்கிற முறையில்தான் விட வேண்டும்.

உங்கள் வீட்டில் ‘வெள்ளையாக்கும்’ டியூப் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். ஆங்கிலத்தில் இருப்பதால் படிக்கிற பிள்ளைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த மாதிரி களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018ல் உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. பெயர், முகவரி எதுவும் சரியாக இல்லாத டப்பா கிரீம் இதைவிட மோசம். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது 2023ல் வெளியே வந்தது.

அந்தப் பெண் அடுத்துக் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “சரிங்கக்கா, கிரீம் வேண்டாம். ஆரஞ்சுத் தோல், பப்பாளித் தோல் போட்டா வெள்ளையாகுமா?”

ஆகாது. முதலில் இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நம் நிறம் தோலுக்குள் இருக்கும் நிறமியால் வருவது. அது வெயிலில் இருந்து நம்மைக் காக்கிற குடை. எந்தத் தோலைத் தேய்த்தாலும் பிறந்த நிறம் மாறாது, மாற வேண்டியதும் இல்லை. அடுப்படியில் மிச்சமாகிற பொருட்கள் செய்வது வேறு வேலை. அழுக்கை எடுக்கும், வறட்சியைக் குறைக்கும், சொரசொரப்பைப் போக்கும், முடியைச் சிக்கில்லாமல் வைக்கும். காசு செலவில்லாமல் இவ்வளவு கிடைத்தால் போதாதா?

கழுநீரும் வடிகஞ்சியும்

கழுநீர் என்றதும் மாடு ஞாபகம் வரும். மாடு இருக்கிற வீட்டில் முதல் கழுநீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிடுங்கள். அதில் தூசி, தவிடு எல்லாம் இருக்கும். இரண்டாவது கழுநீர்தான் நமக்கு. முகம் கழுவவும், தலைக்குக் குளித்த பிறகு கடைசியாக முடியில் ஊற்றி அலசவும் நல்லது. அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து முடிமேல் லேசாகப் படிந்து வழவழப்பு கொடுக்கும். சீப்பு தடங்காமல் இறங்கும். அன்றைய கழுநீரை அன்றே பயன்படுத்துங்கள். பாட்டிலில் ஊற்றி மூன்று நாள் வைத்து, நாற்றம் எடுத்த பிறகு தலையில் ஊற்றுகிற பழக்கம் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரேஷன் அரிசியில் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும் மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. 100 மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள். கழுவும்போது மிதந்தால் கொட்டிவிடாதீர்கள். கழுநீர் வேண்டும் என்பதற்காக அரிசியை நாலைந்து தடவை கசக்கவும் வேண்டாம். தலையில் ஊற்றுவதை விட அந்தச் சத்து வயிற்றுக்குப் போவதுதான் முடிக்கு நல்லது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வடிகஞ்சி கழுநீரை விடக் கெட்டி. குக்கர் வந்த வீடுகளில் வடிகஞ்சியே இல்லாமல் போய்விட்டது. வாரத்தில் ஒரு நாளாவது பானையில் வடியுங்கள். தோள் வரை முடி உள்ளவர்களுக்கு 3 ஸ்பூன் சீயக்காய்த் தூள், ஒன்றரை டம்ளர் ஆறிய வடிகஞ்சி போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய துணியில் வடிகட்டிவிட்டுத் தேயுங்கள். வடிகட்டாமல் தேய்த்தால் திப்பி முடியில் மாட்டிக்கொள்ளும், கண்ணிலும் விழும். வெறும் சீயக்காய் முடியை வறட்டிவிடும். கஞ்சி சேர்த்தால் அந்த வறட்சி குறையும். நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் சீயக்காய்க்குப் பதில் அரப்பு போடுவோம். உசில மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்ததுதான் அரப்பு. அதற்கும் வடிகஞ்சி நன்றாகப் பொருந்தும்.

குளிப்பதற்கு முன்பு தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். முடிக்குள் இருக்கும் புரதம் தண்ணீரில் கழுவிப் போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று ஆராய்ச்சியிலும் தெரிந்திருக்கிறது. அந்த விஷயத்தில் பாட்டி சொன்னது சரி. ஷாம்பு போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கிராமத்துப் பெண் ஒரு ரூபாய்க்கு ஷாம்பு வாங்கலாம் என்று காட்டிய பாக்கெட் வியாபாரம் வளர்ந்ததே நம் கடலூரில்தான். அவசர நாளில் அது வசதி. ஆனால் வீட்டில் நாலு பேர் வாரத்துக்கு இரண்டு பாக்கெட் போட்டால் மாதம் எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இட்லிக்குக் கருப்பு உளுந்து ஊறப்போடுகிற வீட்டில் தோலும் தண்ணீரும் வீணாகும். அந்த வழவழப்பான தோலை ஒரு கைப்பிடி அரைத்துச் சீயக்காயோடு கலக்கலாம். வெந்தயம் ஊறிய தண்ணீரும் அப்படித்தான். ஊறிய வெந்தயத்தை ஏன் எறிய வேண்டும்? புளித்துப்போன மோரில் சேர்த்து அரைத்துத் தலையில் தடவி, அரை மணி கழித்து அலசுங்கள். வறட்சியால் வரும் அரிப்பு அடங்கும். பொடுகு கட்டிக்கட்டியாக உதிர்ந்தாலோ, தலையில் புண் இருந்தாலோ இது போதாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உடம்புக்கும் முகத்துக்கும்

தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையில் எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கும். குளிக்கப் போகும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் போய் முழங்கை, முழங்கால், குதிகாலில் தேய்த்துப் பாருங்கள். களை எடுத்துக் காப்புக் காய்த்த கைக்கு நான் கண்டதில் இதுதான் நல்லது. குளியலறையில் சிந்தினால் வழுக்கும், உடனே கழுவிவிடுங்கள்.

முற்றிப்போன பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டால் உள்ளே கூடு கிடைக்கும். விதையைத் தட்டி எடுத்துவிட்டால் முதுகு தேய்க்கக் கடையில் விற்கும் நாரை விட நன்றாக உழைக்கும். தினமும் வெயிலில் காயவைக்க வேண்டும், மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும். முகத்தில் தேய்க்கக்கூடாது.

பழுத்த பப்பாளித் தோலின் உள்பக்கத்தை முகத்தில் லேசாகத் தடவி 5 நிமிஷத்தில் கழுவலாம். செத்த தோலைக் கழற்றும் தன்மை அதற்கு உண்டு. காய்ப் பப்பாளியின் பால் படக்கூடாது, எரித்துவிடும். புளித்த தயிர் ஒரு ஸ்பூனும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாழைப்பழத் தோல், உருளைக்கிழங்குத் தோல் பற்றியெல்லாம் நிறையச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் ஈரப்பசை இருக்கும், அவ்வளவுதான். அவற்றை உரக்குழிக்குப் போடுங்கள்.

ஆரஞ்சுத் தோலைக் குளியல் மாவில் சேர்க்கலாம். பழத்தை உரிக்கும் முன்பே நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், மருந்து அடித்திருப்பார்கள். தோலை நிழலில், ஒடித்தால் ‘படக்’ என்று ஒடிகிற வரை காயவையுங்கள். பச்சைப்பயறு அரை கிலோ (உடைந்தது, சலித்த குருணை எல்லாம் போதும்), காய்ந்த ஆரஞ்சுத் தோல் 50 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 50 கிராம், கஸ்தூரி மஞ்சள் 25 கிராம். எல்லாவற்றையும் அரைத்துச் சலித்து, ஈரம் படாத டப்பாவில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். ஈரக் கையை விட்டு எடுத்தால் வண்டு விழுந்துவிடும். மாவு மில்லில் அரைப்பதாக இருந்தால் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்து, அந்த மாவை முகத்தில் பூசி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செய்யக்கூடாதவை

பிழிந்த எலுமிச்சை மூடியை முகத்தில் தேய்த்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், கருந்தழும்பு விழும். வெள்ளையாக வேண்டும் என்று தேய்த்து, கருத்த திட்டு வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். எலுமிச்சை மூடி பாத்திரம் தேய்க்க. சமையல் சோடாவும் முகத்துக்கு வேண்டாம்.

வெட்டுக் காயத்தில் காபித் தூள் அமுக்குவது, தீப்புண்ணில் மாவு, பேஸ்ட் பூசுவது – இவை பராமரிப்பு அல்ல, ஆபத்து. சுட்டுக்கொண்டால் 20 நிமிஷம் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதைப் புதிதாகப் பூசுவதாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கைக்குழந்தைக்கு இவை எதையும் தேய்க்க வேண்டாம்.

முடி கொட்டுதே, என்ன பூசலாம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பல பேருக்குப் பதில் தலையில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. 2019–21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. 20 பேர் உள்ள குழுவில் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் முடி கொட்டும், முகம் வெளிறும், நாலு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மாத்திரை தருவார்கள். பிரசவம் ஆகி மூன்று மாதத்திலும், கடும் காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதத்திலும் கொத்துக்கொத்தாகக் கொட்டும். அது பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். அதற்காக நூறு எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை.

அதனால் என் பழக்கம், எந்தத் தோலையும் முதலில் ‘சாப்பிட முடியுமா?’ என்று பார்ப்பது. பீர்க்கங்காய்த் தோலை வதக்கி, உளுந்து, வரமிளகாய், புளி வைத்துத் துவையல் அரைத்தால் இரண்டு தட்டுச் சோறு இறங்கும். வாழைக்காய்த் தோலும் பொடியாக நறுக்கிப் பொரியல் ஆகும். முருங்கைக்கீரை உருவிய நாளில் குழந்தைகளுக்கு மட்டும் போட்டுவிட்டுச் சட்டியை வழிக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள்.

விற்கலாமா?

குளியல் மாவு, சீயக்காய்த் தூள் தயாரித்துக் கண்காட்சியில் வைக்கலாமா என்று நான்கைந்து குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. தோலிலும் முடியிலும் பூசும் பொருளைத் தயாரித்து விற்க மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். அழகுசாதனப் பொருளுக்கான விதிகளை 2020ல் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். உரிமம் தருவது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. ‘சித்தா’, ‘ஆயுர்வேதம்’ என்று போட்டு விற்பதாக இருந்தால் அதற்குத் தனி உரிமம். பாக்கெட்டில் தயாரித்த தேதி, எத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம், முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். ‘வெள்ளையாக்கும்’ என்று எழுதவே எழுதாதீர்கள்.

அந்த அக்காவின் கடன் மனு இப்போது இல்லை, மகள் மாதம் ஒரு தடவை டாக்டரிடம் போய் வருகிறாள். அவர்கள் குழுதான் முதலில் குளியல் மாவு போட ஆசைப்படுகிறது. பயறு வாங்குவதற்கு முன்னால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்து விண்ணப்ப விவரத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மற்ற குழுக்களும் அப்படியே வாருங்கள்.