கருப்பசாமியின் கதவும் கணினியின் கத்தரியும்

எங்கள் வீட்டில் அழகர்கோவில் படங்களுக்கென்றே தனி ஆல்பம் உண்டு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அழும் பிள்ளைகள், நூபுர கங்கையில் நனைந்து நடுங்கும் பெரியப்பா, பையைப் பறிக்கத் தயாராக நிற்கும் குரங்கு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கண்ணாடியில் நான்கு நான்காக அடுக்கி மூடினால் நான்கும் சேர்ந்து ஒரே படமாக வரும். பிறகு ஒவ்வொன்றையும் மவுஸால் கட்டம் போட்டு ‘கிராப்’ செய்ய வேண்டும். முப்பதாவது படத்திலேயே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது.

இந்த வேலையைக் கணினியிடம் விடலாம். போட்டோஷாப்பில் 2003 முதலே இதற்கென ஒரு கட்டளை இருக்கிறது. படங்களைத் தனித்தனியாக வெட்டி, கோணலாக இருந்தால் நிமிர்த்தியும் தரும். ஓரத்து வெற்றிடத்தை நறுக்க கிம்ப், இமேஜ்மேஜிக் போன்ற இலவச மென்பொருள்களும் உதவும். இமேஜ்மேஜிக்கில் ஒரே வரிக் கட்டளை ஒரு ஃபோல்டர் முழுவதையும் நறுக்கிவிடும்.

படம் எங்கே முடிகிறது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? அதற்குத் தெரிவதெல்லாம் எண்கள்தான். ஏ4 அளவை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் ஓர் எண்: கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255. ஸ்கேனர் மூடியின் வெள்ளை 250-ஐ ஒட்டி வரும். ஆகவே, 235-க்குக் கீழே உள்ளதெல்லாம் பொருள், மேலே உள்ளதெல்லாம் பின்னணி என்று ஒரு கோடு போடலாம். அந்தக் கோட்டை நாம் குத்துமதிப்பாகப் போட வேண்டியதில்லை. எந்த எண்ணில் பிரித்தால் இரண்டு கூட்டமும் நன்றாக விலகி நிற்கும் என்று கணினியே கணக்கிட, ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979-இல் ஒரு வழி சொன்னார். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த வேலை, ஒட்டியிருக்கும் புள்ளிகளை ஒன்றுசேர்ப்பது. ஒரு பொருள்புள்ளியில் சாயத்தை ஊற்றினால், பக்கத்துப் புள்ளியும் பொருளாக இருக்கும்வரை அது பரவும். பின்னணி வந்ததும் நின்றுவிடும். இப்படி நான்கு திட்டுகள் கிடைத்தால் நான்கு படங்கள். நூறு புள்ளிகூட இல்லாத திட்டு தூசியாகத்தான் இருக்கும், தள்ளிவிடலாம். மிஞ்சிய ஒவ்வொரு திட்டிலும் மேல்கோடி, கீழ்கோடி, இடக்கோடி, வலக்கோடிப் புள்ளிகளைத் தொட்டு ஒரு செவ்வகம் வரைந்தால் வெட்டும் கோடு தயார்.

எனக்கு முதலில் இது சரியாக வரவில்லை. பழைய ஸ்டுடியோ படங்களைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டிருப்பார்கள். அந்த ஓரமும் மூடியின் வெள்ளையும் ஒன்றென்று எண்ணி, கணினி ஓரத்தை நறுக்கிப் போட்டுவிட்டது. படங்களுக்கு மேல் கருப்புச் சார்ட் பேப்பரை வைத்து மூடி, வெளிச்சமானதைப் பொருளாக எடுக்கச் சொன்னேன், சிக்கல் தீர்ந்தது. மென்பொருளை மாற்றுவதைவிடப் பின்னணியை மாற்றுவது எளிது.

ஆனால், சித்திரைத் திருவிழாவில் யார் பின்னணியை மாற்றுவது? தங்கக் குதிரையில் அழகர் வைகைக்கு வருகிறார். சுற்றிலும் தலைகள், மஞ்சள் விளக்குகள், துருத்தியிலிருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீர். குதிரையின் பொன்னிறமும் விளக்கின் மஞ்சளும் எண்ணளவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வெளிச்சத்தை வைத்துப் போட்ட கோடு இங்கே பலிக்காது.

2004-இல் மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ரோதர், கோல்மொகோரோவ், பிளேக் மூவரும் ‘கிராப்கட்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அழகரைச் சுற்றி நாம் தோராயமாக ஒரு கட்டம் போட்டால் போதும். கட்டத்துக்கு வெளியே உள்ள நிறங்களையும் உள்ளே உள்ளவற்றையும் ஒப்பிட்டு, நிறம் சட்டென்று மாறும் இடங்களின் வழியாகக் கணினி வெட்டிக்கொண்டு போகும். இன்று அந்தக் கட்டமும் தேவையில்லை. மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரி, 1.1 கோடி படங்களில் நூறு கோடிக்கு மேற்பட்ட வெட்டுருவங்களைப் பார்த்துப் பழகியது. குதிரைமேல் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினால் குதிரையின் உருவத்தைப் பிரித்துத் தந்துவிடும்.

எதை வெட்டுவது என்ற முடிவையும் அதனிடமே விட்டால் வேறு வம்பு வரும். படத்தில் மனிதர் கண் முதலில் எங்கே போகும் என்று ஊகித்து ட்விட்டர் 2018 முதல் தானாகவே படங்களை நறுக்கிவந்தது. கருப்பரும் வெள்ளையரும் இருக்கும் படத்தில் வெள்ளையர் முகத்தையே காட்டுகிறது என்று 2020-இல் பயனர்கள் எடுத்துக்காட்டினார்கள். நிறுவனம் தானே சோதித்துப் பார்த்தது. சாய்வு இருப்பது தெரிந்தது. 2021-இல் அந்த முறையைக் கைவிடத் தொடங்கியது.

என் ஆல்பத்தின் கடைசிப் படத்தில் எனக்கும் இது நேர்ந்தது. அழகர்கோவில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் பெரியப்பா கும்பிட்டபடி நிற்கிறார். அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசி மாலை சாத்திய, மூடிய கதவுதான் தெய்வம். ‘முக்கியமானதை வெட்டு’ என்று கட்டளையிட்டேன். கணினி பெரியப்பாவைத் தலைமுடி பிசகாமல் வெட்டியெடுத்தது. கதவைப் பின்னணி என்று தள்ளிவிட்டது. அது பழகிய படங்களில் கதவு என்றால் ஆள் நுழையும் இடம், அவ்வளவுதான்.

அந்த ஒரு படத்துக்கு மட்டும் மறுபடி மவுஸைக் கையில் எடுத்தேன்.