வானொலி மறையுரையைக் காரில் கேட்பது எப்படி?



வானொலியில் ஒலிபரப்பாகும் மறையுரைகளை இவ்விதழில் தொடர்ந்து அச்சிட்டு வருகிறோம். ஆனால் படிப்பதைவிடக் கேட்பதே எளிது என்று சொல்வோர் நம்மிடையே பலர். கண் பார்வை மங்கிய பெரியவர்களும், நாள்தோறும் நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவர்களும், வாடகை வண்டி ஓட்டும் சகோதரர்களும், "ஒலிப்பதிவை சி.டி.யில் போட்டுக் காரில் கேட்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் கணினியில் பாடும் சி.டி. எல்லாம் காரிலும் பாடும் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் பங்கில் ஒரு குடும்பத் தலைவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மருத்துவமனைக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். திரும்பும் வழியில் பேசக்கூட அவருக்குத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் மறையுரை கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று அவருடைய மகள் பன்னிரண்டு மறையுரைகளை சி.டி.யில் பதிந்து காரில் போட்டார். ஸ்டீரியோ சற்று நேரம் தேடிவிட்டு சி.டி.யை வெளியே தள்ளியது. அதே சி.டி. வீட்டுக் கணினியில் நன்றாகப் பாடியது. ஸ்டீரியோதான் கெட்டுவிட்டது என்று எண்ணி, மருத்துவச் செலவுக்கு நடுவிலும் புதிது வாங்கப் பணம் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில் ஸ்டீரியோவில் எந்தப் பழுதும் இல்லை. பதிந்த முறைதான் தவறு. வேறு எந்த வீட்டிலும் இப்படி வீண் செலவு வரக்கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

சி.டி.யில் இரண்டு வகை

கடையில் வாங்கும் வெற்று சி.டி. ஒன்றுதான். அதில் பதியும் முறை இரண்டு.

முதலாவது 'ஆடியோ சி.டி.' கடையில் விற்கும் பாட்டு சி.டி. இவ்வகையைச் சேர்ந்தது. இதில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, சுருக்கப்படாமல் அப்படியே பதியப்படுகிறது. அதனால் இடம் அதிகம் பிடிக்கும். ஒரு சி.டி.யில் ஏறத்தாழ 80 நிமிடம்தான் கொள்ளும். 15 நிமிட மறையுரை என்றால் ஐந்து பதியலாம். சி.டி. போடும் வசதியுள்ள கார் ஸ்டீரியோக்கள் ஏறத்தாழ எல்லாமே இதைப் பாடும்.

இரண்டாவது 'டேட்டா சி.டி.' இதில் எம்.பி.3 கோப்புகள், பெட்டிக்குள் புத்தகம் அடுக்குவதுபோல, கோப்புகளாகவே வைக்கப்படுகின்றன. எம்.பி.3 என்பது காதுக்கு எளிதில் புலப்படாத பகுதிகளை விட்டுவிட்டு ஒலியைச் சுருக்கும் முறை. ஆகவே இடம் மிச்சமாகும். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் அளவு போதும். அந்த அளவில் 15 நிமிட மறையுரை 7 மெகாபைட்டுக்குச் சற்று அதிகமாக இருக்கும். 700 மெகாபைட் கொண்ட ஒரு சி.டி.யில் இப்படிப்பட்ட மறையுரைகள் தொண்ணூறுக்கு மேல் அடங்கும். ஓர் ஆண்டின் ஞாயிறு மறையுரைகள் அனைத்தையும் ஒரே சி.டி.யில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எம்.பி.3 படிக்கத் தெரிந்த ஸ்டீரியோ மட்டுமே இதைப் பாடும்.

எனவே முதலில் உங்கள் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். 'எம்.பி.3' என்று அச்சிடப்பட்டிருந்தால் இரண்டாவது முறை உதவும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் முதல் முறையே பாதுகாப்பானது.

எந்த சி.டி. வாங்குவது?

கடையில் 'சி.டி.-ஆர்' என்று கேட்டு வாங்குங்கள். இதில் ஒருமுறைதான் பதிய முடியும். அழித்து எழுதக்கூடிய 'சி.டி.-ஆர்டபிள்யூ' லேசர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும்; பழைய ஸ்டீரியோக்கள் பல அதைப் படிக்கத் திணறும். டி.வி.டி.யும் பார்வைக்கு சி.டி. போலவே இருக்கும். இடம் நிறைய இருக்கிறதே என்று அதில் பதிந்துவிடாதீர்கள். சி.டி.க்காகச் செய்யப்பட்ட ஸ்டீரியோ அதைப் படிக்காது.

பதியும் முறை

வெற்று சி.டி.யைக் கணினியில் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த சி.டி.யை 'யு.எஸ்.பி. ஃபிளாஷ் டிரைவ் போல' பயன்படுத்தப் போகிறீர்களா, 'சி.டி./டி.வி.டி. பிளேயருடன்' பயன்படுத்தப் போகிறீர்களா? முதலாவதைத் தேர்ந்தால் கணினி தனக்கு வசதியான அமைப்பில் பதியும்; அதைப் பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களால் படிக்க முடியாது. மேலே சொன்ன மகள் தேர்ந்தது இதைத்தான். காருக்கு எப்போதும் இரண்டாவதையே தேர்ந்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் மீடியா பிளேயர் வழியாகவும் பதியலாம். அதில் 'பர்ன்' என்ற பகுதியைத் திறந்து, ஆடியோ சி.டி.யா, டேட்டா சி.டி.யா என்று முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு மறையுரைக் கோப்புகளை இழுத்து வரிசையாக விட்டு, 'ஸ்டார்ட் பர்ன்' என்பதை அழுத்துங்கள். வேகத்தை மிக அதிகமாக வைக்காமல் நடுத்தரமாக வையுங்கள். வேலை முழுவதும் முடிந்து, சி.டி. தானாக வெளியே வரும்வரை காத்திருங்கள். கடைசி நிமிடங்களில்தான் சி.டி. 'மூடப்படுகிறது'. மூடப்படாத சி.டி., முகவரி எழுதாத கடிதம் போல; கார் ஸ்டீரியோவுக்கு அதில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கைப்பேசியில் பதிவு செய்த மறையுரையாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். கைப்பேசிகள் பல, எம்.பி.3 அல்லாத வேறு வடிவில் பதிகின்றன. கோப்பின் பெயருக்குப் பின்னால் 'எம்.பி.3' என்று மாற்றி எழுதினால் மட்டும் வடிவம் மாறிவிடாது. 'வி.எல்.சி.' என்ற இலவச மென்பொருளின் 'மீடியா' பட்டியலில் 'கன்வர்ட்/சேவ்' என்ற வசதி உண்டு. அதன் வழியாக முறைப்படி எம்.பி.3 ஆக மாற்றிய பிறகு பதியுங்கள்.

பெயரும் வரிசையும்

கார் ஸ்டீரியோக்கள் பெரும்பாலும் தமிழ் எழுத்தைக் காட்டாது. கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் தெரியும். எனவே டேட்டா சி.டி.யில் கோப்புகளுக்குச் சிறிய ஆங்கிலப் பெயர் இடுங்கள். முன்னால் எண் சேர்க்கும்போது 1, 2 என்று இடாமல் 01, 02 என்று இடுங்கள். இல்லாவிட்டால் பல ஸ்டீரியோக்கள் 1-க்கு அடுத்து 10-ஐப் பாடிவிட்டுத்தான் 2-க்கு வரும்.

திருவருகைக்காலம், கிறிஸ்து பிறப்புக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம், பொதுக்காலம் எனத் தனித்தனி உறைகளில் கோப்புகளைப் பிரித்து வைப்பது நல்லது. நம் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதை அறிவீர்கள். முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா நற்செய்திகள் முதன்மையாக வாசிக்கப்படுகின்றன. ஆகவே இந்த ஆண்டு பதியும் சி.டி. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஞாயிறுகளுக்கு மீண்டும் பயன்படும். எந்த ஆண்டு என்பதை சி.டி.யின் மேல் மறவாமல் குறித்து வையுங்கள்.

வண்டிக்குள் கவனிக்க வேண்டியவை

பெயர் எழுத, சி.டி.க்கென விற்கும் மென்முனைப் பேனாவையே பயன்படுத்துங்கள். காகித லேபிள் ஒட்டாதீர்கள். வெயிலில் பசை இளகி லேபிள் உரிந்தால் சி.டி. ஸ்டீரியோவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் காக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறோம். ஆனால் ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம் இருப்பது மேற்பக்க மேற்பூச்சுக்குச் சற்றுக் கீழேதான். அங்கே ஆழமாகக் கீறினால் சரிசெய்ய வழியில்லை.

வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடி அருகே சி.டி.யை விட்டுவைக்காதீர்கள். சூடும் ஒளியும் சி.டி.-ஆரில் உள்ள சாயத்தைக் கெடுக்கும். மூலக் கோப்புகளைக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்திருங்கள். காரில் இருப்பது நகல்தான். கெட்டுப்போனால் இன்னொன்று பதிந்துகொள்ளலாம்.

வண்டி புறப்படுமுன் சி.டி.யைப் போட்டுவிடுங்கள். ஓட்டும்போது மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். மறையுரையைத் தேடும் அந்த ஒரு நொடியில் சாலையில் ஓர் உயிர் குறுக்கே வரலாம்.

விற்பனைக்கு வந்த பக்திப் பாடல் சி.டி.க்களைப் படியெடுத்துப் பகிர்வது வேறு விஷயம். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியதை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. ஏழாம் கட்டளை இதற்கும் பொருந்தும். மறையுரைகளையும் ஒலிபரப்பியவர்களின் அனுமதியோடுதான் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

காரில் கேட்கும் மறையுரை ஞாயிறு திருப்பலிக்கு ஈடாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் திருப்பலிக்கு வர இயலாத நோயாளிக்கு அது பெரிய துணை. அப்படி ஒருவருக்கு சி.டி. பதிந்து கொடுக்க நினைத்தால், கொடுப்பதற்கு முன் அவர் போகும் வண்டியிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியில் பாடியது அவர் வண்டியில் பாடாமல் போகலாம்.

அந்தக் குடும்பத்தின் காரில் எம்.பி.3 வசதி இல்லை. ஆகவே ஐந்து மறையுரைகளை மட்டும் ஆடியோ சி.டி.யாகப் பதிந்து கொடுத்தோம். முதல் முயற்சியிலேயே பாடியது. மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேரும்வரை அந்தப் பெரியவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தாராம். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும், "இந்த ஒன்று முடியட்டும்" என்று இறங்காமல் அமர்ந்திருந்தார் என்று மகள் சொன்னார்.