விதைக்குமுன் மண்ணுக்கு உணவு

ஆடித் திங்கள் நெருங்கும்போது வெண்டை, கத்தரி, அவரை, புடல், பீர்க்கு என விதைப் பொட்டலங்கள் வீடுதோறும் வந்து சேர்கின்றன. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் முதுமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் விதையைத் தேடுகின்ற அக்கறையுடன், அது விழப்போகும் மண்ணை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டோ? விதைப்பு ஆடியில் நிகழ்ந்தாலும், மண்ணின் ஆயத்தம் பங்குனியிலேயே தொடங்கவேண்டும்.

மாசி, பங்குனித் திங்கள்களில் வேம்பும் புங்கும் இலையுதிர்க்கின்றன. பல இல்லங்களில் அச்சருகுகளைக் கூட்டிக் குவித்துத் தீயிட்டுவிடுகின்றனர். சருகு எரியும்போது அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் காற்றில் கலந்து மறைகின்றன. சாம்பல்சத்து போன்ற சிலவே எஞ்சுகின்றன. அந்தப் புகையோ குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் மூச்சிரைப்பைத் தருகிறது. பங்குனியில் எருவை எரித்துவிட்டு, ஆடியில் எருமூட்டைக்குப் பணம் செலவிடுவது சிக்கனமாகுமா?

வெப்பம் மிகுந்த நம் நிலத்தில் மண்ணிலுள்ள மட்கு விரைவில் சிதைந்து குறைந்துவிடுகிறது. மட்கே மண்துகள்களை இணைத்து வைக்கிறது, நீரைப் பிடித்துக்கொள்கிறது, நுண்ணுயிர்களுக்கும் மண்புழுக்களுக்கும் உணவாகிறது. மண்புழுக்கள் இடைவிடாது மண்ணைப் புரட்டி வளமாக்குவதை அறிவியலறிஞர் டார்வின் 1881ஆம் ஆண்டிலேயே ஒரு தனி நூலில் விளக்கினார். யூரியா பயிருக்குத் தழைச்சத்தைத் தரும். மண்ணுக்கு மட்கைத் தராது. ஆதலால் பயிருக்கு ஊட்டுவதற்கு முன்னர் மண்ணுக்கு ஊட்டுவதே முறை.

1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர், பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி மட்கச்செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். அம்முறையை வீட்டளவில் நாமும் கையாளலாம். நிழலான, நீர் தேங்காத இடத்தில் இரண்டு அல்லது மூன்றடி ஆழக் குழி போதும். அரையடி உயரத்துக்குச் சருகு, அதன்மேல் காய்கறித் தோல், அதன்மேல் சாணக் கரைசல், சிறிது மண் என அடுக்கிவரவேண்டும். பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கிளறிவிட்டால், ஏறத்தாழ மூன்று மாதங்களில் கருநிறமாய், சூடு தணிந்து, மழை நனைத்த மண்ணின் மணத்துடன் எரு ஆயத்தமாகும். இறைச்சி, மீன் கழிவுகளை இடலாகாது. அவை எலியையும் நாயையும் அழைத்துவரும்.

கோடை மழைக்குப் பின், ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை விரல் பட்டவுடன் உதிருமானால் கொத்துவதற்கு ஏற்ற பதம் அதுவே. களிமண்ணைச் சேறாய் இருக்கும்போது கொத்தினால் காய்ந்தபின் கட்டியாய் இறுகிவிடும். முக்கால் அடி முதல் ஓரடி ஆழம்வரை கொத்தி, சில நாள் வெயில் காயவிட்டால், மண்ணுக்குள் மறைந்திருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.

பாத்தி வெறுமையாய்க் கிடக்குமாயின், வைகாசித் தொடக்கத்தில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைக்கலாம். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. சுமார் 45 நாள்களில் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணில் புதைத்து, மட்குவதற்கு இரண்டு வாரமேனும் விடவேண்டும்.

விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பாக, 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 25 கிலோ மட்கிய எருவும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து கொத்திவிடலாம். மணற்பாங்கான மண்ணில் எரு நீரை நிறுத்தும்; களிமண்ணில் காற்றுக்கு வழி திறக்கும். பச்சைச் சாணத்தை நேரே இடுவது தவறு. அது கறையானையும் வேர்ப்புழுவையும் வரவழைப்பதோடு இளஞ்செடியின் வேரையும் வாட்டும். அடுப்புச் சாம்பலையும் அளவோடு இடுவதே நலம். களர்த்தன்மையுள்ள மண்ணில் அதனை முற்றும் தவிர்த்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது பொறுமையும் வீட்டாரின் ஒத்துழைப்புமே. சருகு சேர்ப்பது சிறுவர்க்கு, குழி கிளறுவது பெரியோர்க்கு என்று பணியைப் பகிர்ந்துகொள்ளலாம். நான்கு கத்தரிச் செடியும் ஒரு கீரைப் பாத்தியும் குடும்பத்தின் உணவுக்கும் வரவுசெலவுக்கும் எத்துணை உதவும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். ஆண்டுதோறும் ஊட்டப்பெறும் மண் ஆண்டுதோறும் மென்மையுறும்; நமக்குப்பின் அதில் விதைப்போர்க்கு வேலையும் எளிதாகும். அடுத்த பங்குனியில் முற்றத்துச் சருகைக் கூட்டியதும், தீப்பெட்டியைத் தேடாமல் மண்வெட்டியைத் தேடுவோமாக.