ஒலிம்பிக் வாசலில் பட்டாளம்

2012 ஜூலை 11. லண்டன் ஒலிம்பிக் தொடங்க இன்னும் 16 நாள்தான் பாக்கி. அன்றைக்குப் போய், வாசல் காவலுக்கு ஒப்பந்தம் எடுத்திருந்த ஜி4எஸ் நிறுவனம் கையை விரித்தது: சொன்ன அளவுக்கு ஆட்களைத் தர முடியாது. மறுநாளே உள்துறை அமைச்சர் தெரசா மே நாடாளுமன்றத்தில் எழுந்து, கூடுதலாக 3,500 ராணுவத்தினர் வருகிறார்கள் என்று அறிவித்தார். அவர்களில் சிலர் ஆப்கானிஸ்தானிலிருந்து அண்மையில் திரும்பியவர்கள். பல குடும்பங்களின் கோடை விடுமுறை அந்த ஓர் அறிவிப்போடு முடிந்துபோனது.

ராணுவம் வந்தது என்றதும் துப்பாக்கியும் கையுமாக நிற்கும் காட்சிதான் மனத்தில் வரும். இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை வேறு. ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் பூங்காவின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகள் இருக்கிற அதே நியூஹாம் வட்டாரம்தான். விமான நிலையத்தில் இருப்பதுபோல வரிசையாக எக்ஸ்ரே பெட்டிகள், உலோகம் கண்டுபிடிக்கும் நிலைகள். சீருடைக்காரர் ஒருவர் தட்டை நீட்டுகிறார்: சாவி, கைபேசி, பெல்ட் எல்லாம் இதில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலோடு வந்த அம்மாவிடம், உள்ளே 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது, கொட்டிவிட்டுக் காலிப் பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்தவர் பையைத் திறந்து பார்க்கிறார். இதுவே காலை முதல் இரவு வரை. டாங்கி ஓட்டப் பழகியவர் சான்ட்விச் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இவ்வளவு ஆள் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் முதல் கோளாறு. 2010 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டபோது ஜி4எஸ் தரவேண்டியது 2,000 பேர், தொகை 8.6 கோடி பவுண்டு. எந்தெந்த மைதானத்துக்கு எத்தனை வாசல், எத்தனை ஷிப்ட் என்று ஏற்பாட்டுக் குழு அப்போது முழுதாகக் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஒரு வருடம் கழித்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், உச்ச நாட்களில் 23,700 பேர் வேண்டும் என்று வந்தது. உடனே ஒப்பந்தத்தை 10,400 பேர், 28.4 கோடி பவுண்டு என்று ஊதினார்கள். மீதியில் ஒரு பங்குக்குத் தன்னார்வலர்கள், இன்னொரு பங்குக்கு ராணுவம். ஆக, ராணுவம் கடைசி நிமிடத்தில் திடீரென்று குதிக்கவில்லை. 2011 டிசம்பரிலேயே 13,500 பேர் திட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் 7,500 பேர் வரை வாசல் காவலுக்கு. ஜூலையில் 3,500 கூடியது. தொடக்க விழாவுக்கு மூன்று நாள் முன்பு இன்னும் 1,200. மொத்தம் 18,200. அந்த நேரத்தில் ஆப்கானிஸ்தான் போர்க்களத்தில் இருந்த பிரிட்டிஷ் படையினர் சுமார் 9,500 பேர்தான்.

சரி, இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கவில்லையா? ஆள் கிடைத்தார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில். சிக்கல் வேறிடத்தில். ஒலிம்பிக் காவலர் ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டுமானால் அவரை நேர்காணல் செய்ய வேண்டும், பின்னணி விசாரிக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், உரிமம் வாங்க வேண்டும், ஒலிம்பிக் அடையாள அட்டை தர வேண்டும், சட்டை அளவெடுக்க வேண்டும், கடைசியாக எந்த மைதானத்தில் எந்த ஷிப்ட் என்று சொல்ல வேண்டும். ஒரு படி தவறினால் அந்த ஆள் தாளில் மட்டும் இருப்பார். இத்தனைக்கும் வேலை சில வாரங்களுக்குத்தான். முன்கூட்டியே ஆளெடுத்தால் சும்மா இருக்கும் மாதங்களுக்கும் சம்பளம் தர வேண்டும். எந்த நிறுவனம் அதைச் செய்யும்? அதனால் எல்லாவற்றையும் கடைசி வாரங்களுக்குத் தள்ளிவைத்தார்கள். ஜூலையில் எல்லாப் படிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பயிற்சி முடித்துவிட்டு எங்கே வர வேண்டும் என்று தகவலே வராமல் வீட்டில் காத்திருந்தவர்களும் உண்டு, காத்திருந்து சலித்து வேறு வேலைக்குப் போனவர்களும் உண்டு. நம்மூர்க் கல்யாணத்தில் முந்நூறு பேருக்குப் பந்தி பரிமாற ஆள் சொல்லியிருக்கிறேன் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். முகூர்த்தத்தன்று பார்த்தால் எட்டுப் பேர் நிற்பார்கள். கிட்டத்தட்ட அந்தக் கதைதான், 28 கோடி பவுண்டில்.

ஜூலை 17 அன்று நிறுவனத்தின் தலைமை நிர்வாகி நிக் பக்கிள்ஸ் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்தார். 7,000 பேரைத்தான் உறுதியாகத் தர முடியும் என்றார். இது நாட்டுக்கே அவமானமான குளறுபடி இல்லையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மறுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார் பக்கிள்ஸ்.

பத்தொன்பது மாதம் இருந்தும் ஒரு நிறுவனத்தால் முடியாததை ராணுவம் இரண்டு வாரத்தில் எப்படிச் செய்தது? அப்போது பத்திரிகைகள் வீரம், கட்டுப்பாடு, தியாகம் என்று நிறைய எழுதின. எனக்கு இதில் கொஞ்சம் சலிப்பு உண்டு. காரணம் அதைவிடச் சாதாரணமானது. மேலே சொன்ன படிகளில் பாதிக்கு மேல் ராணுவத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டவை. ஆளெடுப்பு முடிந்தாயிற்று, பின்னணி விசாரித்தாயிற்று, சீருடை உடம்பிலேயே இருக்கிறது, சம்பளம் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. பையைச் சோதிக்கச் சில நாள் பயிற்சி போதும். காலை ஐந்து மணிக்கு வா என்றால் வருவார். வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். காரில் கூடவே கொண்டுபோகும் ஸ்டெப்னி மாதிரி. அதை வாங்கிய செலவு எப்போதோ ஆகிவிட்டது, அதனால் பஞ்சரான அன்றைக்கு அது இலவசம்போலத் தெரிகிறது. (ஸ்டெப்னி என்ற நம்மூர்ச் சொல்லே பிரிட்டனிலிருந்து வந்ததுதான், வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் இருந்த கடைக்காரர்கள் செய்த உபரிச் சக்கரம் அது.)

நாமும் இந்த ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறோம். 2010 காமன்வெல்த் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, டெல்லி நேரு விளையாட்டரங்கத்தின் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் வந்து சில நாளில் இரும்புப் பாலம் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். பாராட்டினோம். பாலம் ஏன் விழுந்தது என்ற கேள்வி அந்தப் பாராட்டின் சத்தத்தில் அமுங்கிப்போனது.

உபரிச் சக்கரத்துக்கும் விலை உண்டு. லண்டனில் அதைக் கொடுத்தவர்கள் படையினர்தான். இத்தனை பேரை எங்கே படுக்க வைப்பது? வாப்பிங் பகுதியில் டுபாக்கோ டாக் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. 1989இல் அதைக் கடைவளாகமாக மாற்றிப் பார்த்தார்கள், ஓடவில்லை. பல வருடம் காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தில் மடக்குக் கட்டில்களை வரிசையாகப் போட்டு 2,500 பேரைத் தங்க வைத்தார்கள். ஒரு காலத்தில் துணிக்கடையாக இருந்த கண்ணாடி அறைக்குள் சிப்பாய்கள் தூங்கினார்கள்.

வாசலில் நின்றது ஒரு பக்கம். வானத்தையும் ஆற்றையும் காத்தது இன்னொரு பக்கம். முழுக்க ராணுவத்துக்கே உரிய வேலை அது. கடற்படையின் அன்றைய மிகப் பெரிய கப்பலான ஓஷன் தேம்ஸ் நதியில் கிரீனிச்சில் நங்கூரமிட்டு நின்றது. பாய்மரப் போட்டி நடந்த வேமத் கடலில் புல்வர்க் என்ற கப்பல். நார்தோல்ட் விமானத் தளத்தில் டைஃபூன் போர் விமானங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே போர் விமானம் நின்றது அப்போதுதான். ஆறு இடங்களில் ஏவுகணைகள். அந்த ஆறில் இரண்டு, ஜனங்கள் குடியிருக்கும் கட்டடங்களின் மேல்.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பௌ பகுதியில் பழைய தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று அடுக்குமாடி வீடுகளாகியிருக்கிறது. 1888இல் தீப்பெட்டிப் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த அதே தொழிற்சாலை. 2012 ஏப்ரலில் அங்கே குடியிருந்தவர்களின் தபால் பெட்டியில் ஒரு துண்டறிக்கை விழுந்தது: உங்கள் வளாகத்து நீர்த்தொட்டிக் கோபுரத்தில் ஏவுகணை வைக்கப்போகிறோம். லெய்டன்ஸ்டோனில் ஃபிரெட் விக் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கும் அதே கதி. அங்கிருந்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். எங்களைக் கலந்து பேசவே இல்லை, எங்கள் வீட்டையே தாக்குதலுக்குக் குறியாக்குகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். ஜூலை 10இல் தோற்றார்கள். மறுநாள்தான் ஜி4எஸ் கையை விரித்தது.

போட்டி தொடங்கியபின் மக்களுக்கும் சீருடைக்காரர்களுக்கும் நல்ல உறவு அமைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. வரிசை வேகமாக நகர்ந்தது, குழந்தைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதல் சனிக்கிழமை டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் ஏங்கிக்கொண்டிருக்க, முக்கியப் பிரமுகர்களுக்கு ஒதுக்கிய நாற்காலிகள் காலியாகக் கிடந்தது தொலைக்காட்சியில் தெரிந்து சங்கடமானது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் செபாஸ்டியன் கோ செய்த காரியம்: வேலை முடிந்து ஓய்வில் இருந்த சிப்பாய்களைக் கூப்பிட்டு அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தார். உள்ளூர் மாணவர்களும் ஆசிரியர்களும் கூட வந்தார்கள். காவலுக்கு ஆள் குறைந்தாலும் பட்டாளம், கைதட்ட ஆள் குறைந்தாலும் பட்டாளம். வெற்றி மேடைகளில் கொடியேற்றியதும் அவர்கள்தான்.

அப்புறம்? போன விடுமுறையைப் பின்னால் முழுதாகத் தருவோம், முன்பதிவுப் பணம் போனவர்களுக்கு ஈடு செய்வோம் என்று பாதுகாப்பு அமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் பள்ளி விடுமுறை ஆகஸ்டில்தான். அக்டோபரில் அப்பா வீட்டுக்கு வந்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும். ஒலிம்பிக் முடிந்ததும் வேலை முடியவும் இல்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 9 வரை பாராலிம்பிக் இருந்தது, குறைந்த எண்ணிக்கையில் அங்கேயும் நின்றார்கள்.

இதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று. ஜூலை 5 அன்று, அதாவது கூடுதல் ஆள் கேட்பதற்கு ஒரு வாரம் முன்பு, இதே ஹாமண்ட் நிரந்தரத் தரைப்படையை 1,02,000இலிருந்து 82,000ஆகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்திருந்தார். 17 பெரிய பிரிவுகள் கலைக்கப்படும் அல்லது இணைக்கப்படும். ஆள் அதிகம் என்று சொன்ன வாய், ஒரே வாரத்தில் ஆள் வேண்டும் என்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள், நிர்வாகக் கணக்கில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு சிப்பாயின் வீட்டு உணவு மேசையில் அந்த இரண்டு செய்தியும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்திருக்கும். தனியார்தான் திறமையாகச் செய்வார்கள் என்ற முன்முடிவோடு அமைச்சகத்துக்கு வந்ததாகவும், இந்த அனுபவம் அதை மறுபடி யோசிக்க வைத்ததாகவும் ஹாமண்ட் ஆகஸ்டில் ஒரு பேட்டியில் சொன்னார். படைக் குறைப்பு மாறவில்லை.

ஜி4எஸ்ஸுக்கு இந்த ஒப்பந்தத்தில் 7 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம். செப்டம்பரில் இரண்டு மூத்த அதிகாரிகள் விலகினார்கள். பக்கிள்ஸ் 2013 மே வரை தாக்குப்பிடித்தார். கிரீனிச்சில் நின்ற ஓஷன் கப்பலை 2018இல் பிரேசிலுக்கு விற்றுவிட்டார்கள்.

பிரேசில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வாசல் சோதனைக்கு 3,400 பேரைத் தருவதாக ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் எண்ணிப் பார்த்தால் 500 பேர். ஒப்பந்தத்தை ரத்து செய்து போலீஸையும் ஓய்வுபெற்ற போலீஸையும் நிறுத்தினார்கள். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் காரணம் வேறு: தனியார் காவலர்களிடையே நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு பரவியது. 1,200 பேரை வேலையிலிருந்து நிறுத்திவைக்க, அந்த இடத்துக்கு 900 ராணுவத்தினர் வந்தார்கள்.

2024இல் பாரிஸ் கடைசி நாள்வரை காத்திருக்கவில்லை. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், வென்சென் காட்டை ஒட்டிய ரெயி புல்வெளியில், 4,500 ராணுவத்தினர் தங்க ஒரு தற்காலிக முகாமையே முன்கூட்டிக் கட்டிவிட்டார்கள். கட்டில், குளியலறை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் போட்டி தொடங்குமுன்பே தயாராக இருந்தன. உபரிச் சக்கரத்தை முதலிலேயே மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.