ஈரலில் வரும் கட்டிகள் எல்லாம் ஒரே நோயல்ல

ஸ்கேன் அறிக்கையில் "ஈரலில் கட்டி" என்று இருந்தால், இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற முடிவுக்கு வீட்டார் அன்றிரவே வந்துவிடுகிறார்கள். விஞ்ஞான ஆசிரியர் என்பதால் இப்படியான அறிக்கைகளைச் சிலர் என்னிடமும் கொண்டு வருவதுண்டு. நான் வைத்தியர் அல்லன், அறிக்கைக்கு விளக்கம் சொல்வதுமில்லை. ஆனால் "பயொப்சி எடுக்கச் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்" என்பவர்களை மட்டும் உட்கார வைத்துப் பேசுவேன். அப்போது நான் சொல்லும் உதாரணம் ஈரல் லிம்போமா.

லிம்போமா என்பது உடலின் நோயெதிர்ப்புக்குப் பொறுப்பான நிணநீர்க் கலங்களில் தோன்றும் புற்றுநோய். வழமையாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியது போல வீங்கும். மிக அரிதாக, வேறெங்கும் இல்லாமல் ஈரலிலேயே ஆரம்பிக்கும். நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே தோன்றும் லிம்போமாக்களிலும் இது 1 சதவீதத்துக்குக் குறைவு.

மேல்வயிற்று வலி, நிறை குறைதல், காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவை இதன் அறிகுறிகள். இவை வேறு பல நோய்களுக்கும் உரியவை. ஸ்கேனிலும் இது ஈரல் புற்றுநோய் போலவோ, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோய் போலவோ தோன்றலாம். குருதியில் ஏஎஃப்பி சாதாரண அளவில் இருந்து எல்டிஎச் உயர்ந்திருந்தால் வைத்தியருக்குச் சந்தேகம் வரும். ஆனால் அது சந்தேகம் மட்டுமே. சில ஈரல் புற்றுநோய்களிலும் ஏஎஃப்பி உயர்வதில்லை.

உறுதிப்படுத்துவது பயொப்சிதான். ஊசியால் நூல் போன்ற சிறு துண்டை எடுத்து, கலங்களின் மேற்பரப்பிலுள்ள சிடி20 போன்ற புரதங்களைச் சாயமிட்டுப் பார்ப்பார்கள். பின்னர் ஸ்கேன், என்பு மச்சைப் பரிசோதனை மூலம் நோய் வேறெங்கும் உண்டா என்று தேடுவார்கள். லிம்போமா என்று தெரிந்தால் சிகிச்சையே மாறிவிடும். பெரும்பாலும் ஈரலை வெட்டுவதல்ல, ரிட்டுக்சிமாப் சேர்த்த கீமோ மருந்துகளே பிரதானம். அதற்கு நன்கு இணங்கி, கட்டி முற்றாக மறைந்தவர்களும் இருக்கிறார்கள். இம்மருந்து உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை எழுப்பிவிடக் கூடும் என்பதால் அதற்கான குருதிப் பரிசோதனையும் முன்கூட்டியே அவசியம்.

"ஊசி பட்டால் கட்டி பரவிவிடும்" என்ற பயம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. சாதாரண ஈரல் புற்றுநோயில் ஊசி சென்ற பாதையில் கலங்கள் ஒட்டி வளரும் சிறு ஆபத்து உண்டு. அதனால்தான் ஈரல் சுருங்கிய நோயாளிகளில், ஸ்கேனிலேயே தெளிவான அடையாளம் தெரிந்தால் பயொப்சியைத் தவிர்க்கிறார்கள். ஆகவே, பயொப்சி கேட்கிறார்கள் என்றால் ஸ்கேன் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். ஏன் தேவை என்று வைத்தியரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பயொப்சிக்கு முன் ஸ்டீரொயிட் மாத்திரை பாவித்தால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, முடிவைக் குழப்பிவிடலாம். பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும், குறிப்பாக அஸ்பிரின், வாஃபரின் போன்றவற்றை, முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பின் இரத்தக் கசிவு உண்டா என்று பார்க்கச் சில மணி நேரம் படுக்கையில் வைத்திருப்பார்கள்.