நகரும் நிலம், நிற்கும் வரைபடம்

ஆஸ்திரேலியா ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. சிட்னி துறைமுகப் பாலமும் பெர்த் நகரத்து வீடுகளும் கோதுமை வயல்களும் ஒன்றாகவே நகர்வதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. மாட்டிக்கொண்டது வரைபடம்தான். 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலம் எங்கே இருந்ததோ, அதையே நிலையானதாகக் கொண்டு ஜிடிஏ94 என்ற ஆயத்தொலைவு முறையை அந்நாடு வகுத்திருந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எந்தக் கண்டத்தையும் சாராமல், முழு பூமியையும் வைத்து இடம் சொல்பவை. 2020 வருவதற்குள் இரண்டு கணக்குக்கும் நடுவே 1.8 மீட்டர் விரிசல் விழுந்துவிட்டது.

வழி தேடிக் காரில் போகிறவருக்கு 1.8 மீட்டர் பொருட்டல்ல. ஆளில்லாமல் ஓடும் டிராக்டருக்கு அது பக்கத்துப் பயிர் வரிசை.

வரைபடம் காலத்தை மறக்கும் பழக்கம் பழையது. இந்தத் தொடரில் சென்ற வாரம் ரோஜர் டாம்லின்சனைப் பற்றிப் பார்த்தோம். 1960-களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கெடுக்க அவர் உருவாக்கிய அமைப்பில்தான் மண், காடு, பயிர் என ஒவ்வொன்றும் ஓர் அடுக்காகக் கணினிக்குள் போனது. மகத்தான வேலை அது. ஆனால் உள்ளே போனவை காகித வரைபடங்கள். காகிதத்தில் காலத்துக்கு இடம் கிடையாது. மாற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால் 1970-க்கு ஒரு தாள், 1980-க்கு இன்னொரு தாள். நடுவில் எந்த மாதம் காடு வயலானது என்று கேட்டால் இரண்டு தாளும் வாய் திறக்காது.

ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-லேயே இதற்கு வழி காட்டியிருந்தார். நிலத்தைத் தரையாகவும் காலத்தைச் செங்குத்து அச்சாகவும் வைத்தால், ஒரு மனிதரின் ஒரு நாள் அந்தக் கனசதுரத்துக்குள் மேலேறும் ஒரு கோடாகிவிடும். சிந்தனை தயாராக இருந்தது; அதைத் தாங்கும் கணினி அன்று இல்லை. 1992-ல் கெயில் லாங்ரன் இதே சிக்கலைத் தரவுத்தளத்தின் பக்கமிருந்து பிடித்தார். நிலத்தில் நிகழ்ந்த நாள் வேறு, அது பதிவேட்டில் ஏறிய நாள் வேறு; இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்றார். ஜனவரியில் பிரிந்த மனை மார்ச்சில்தான் பதிவாகிறது என்றால், பிப்ரவரியில் கடன் கொடுத்த வங்கி பார்த்தது எந்த எல்லையை? வழக்கு என்று வந்தால் முதல் கேள்வியே இதுதான். முப்பது ஆண்டுகள் கழிந்தும் பெரும்பாலான மென்பொருள்களில் காலம் என்பது அட்டவணையின் ஓரத்தில் ஒரு கட்டமாகவே கிடக்கிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

உயரத்தின் கதையும் அப்படித்தான். ஓர் இடத்துக்கு ஓர் உயரம் மட்டுமே சேமிக்கும் அமைப்பில் மேம்பாலமும் அதன் அடியில் ஓடும் சாலையும் சேர்ந்து இருக்க முடியாது. எதிலிருந்து உயரம் என்ற கேள்வியும் உண்டு. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்திருப்பதால், கணிதம் வரையும் நீள்வட்டக் கோளத்தைவிடக் கடல்மட்டம் அங்கே நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாமும் இருக்கிறோம். திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவியைக் கன்னியாகுமரிக் கடற்கரையில் வைத்தால், உயரம் பூஜ்யத்துக்கும் கீழே தொண்ணூறு மீட்டரைத் தாண்டிக் காட்டும்.

காலத்தையும் கணக்கில் சேர்த்து நிலத்தை அளக்கத் துணிந்த நாடு நியூசிலாந்து. வேறு வழியும் அதற்கு இல்லை. பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் மோதும் கோட்டின் மேலேயே நாடு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் 2000 ஜனவரி 1-ஆம் தேதி நிலவரத்தைப் பதிந்துவிட்டு, எந்த இடம் எப்படி நகர்கிறது என்ற கணித மாதிரியையும் உடன் வைத்துக்கொண்டார்கள். இன்றைய இடம் வேண்டுமா, மாதிரியைக் கேட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பெரிய நிலநடுக்கம் வந்தால் அந்தப் பகுதிக்கு ஓர் ஒட்டு.

ஒட்டுக்கு அடிக்கடி வேலை வந்தது. 2010 செப்டம்பர் 4-ஆம் தேதி கேன்டர்பரி சமவெளியில் கிரீன்டேல் பிளவு வாய்திறந்தபோது, சில இடங்களில் வேலிகளும் சாலைகளும் ஐந்து மீட்டர்வரை பக்கவாட்டில் விலகின. 2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச் குலுங்கி 185 பேர் இறந்தார்கள். இடிபாடு அகற்றியபின் எழுந்த கேள்வி: என் மனை பழைய ஆயத்தொலைவிலா, நகர்ந்துபோன மண்ணிலா? 2016-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. நிலச்சரிவு நீங்கலாக, அந்த நிலநடுக்கங்களில் மண் நகர்ந்திருந்தால் எல்லையும் மண்ணோடு நகர்ந்ததாகக் கொள்ள வேண்டும். மக்கள் பக்கம் நின்று எழுதிய சட்டம் அது.

ஆஸ்திரேலியாவோ ஜிடிஏ2020 என்ற புதிய முறைக்கு மாறியது. ஆனால் இணைய வரைபட மென்பொருள்கள் பல, பழையதையும் புதியதையும் ஒரே ஜிபிஎஸ் கணக்காக எடுத்துக்கொள்வதால், பழைய குழாயும் புதிய சாலையும் 1.8 மீட்டர் பிசகி ஒன்றன்மேல் ஒன்று விழும் ஆபத்து இருக்கிறது. தோண்டுகிறவர் கைக்கு அது ஆபத்து.

இந்தியத் தட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. 2020-ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் டிரோன்கள் கிராமத்து வீடுகளை அளக்கும் துல்லியமும் கிட்டத்தட்ட அதே 5 செ.மீ.தான். அடுத்தடுத்த வீடுகள் சேர்ந்தே நகர்வதால் அண்டை வீட்டுக்காரர்களுக்குள் இதனால் தகராறு வராது. இருபது ஆண்டு கழித்து ஜிபிஎஸ்ஸோடு ஒருவர் அதே மூலையைத் தேடி வரும்போது, அளந்த நாளும் அளந்த முறையும் வீட்டின் சொத்து அட்டையோடு இருந்தால்தான் அந்த ஒரு மீட்டரை அவரால் கழிக்க முடியும். இன்றே அதைச் சேர்ப்பதில் செலவு ஏதுமில்லை.

அடுக்குமாடியில் ஐந்தாம் தளத்து வீட்டுக்கு எல்லை எப்படி வரைவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.