பூட்டிய அலமாரி

நூலகர் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது சாவிக்கொத்துதான். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உள்ளே வரிசையாக நூல்கள், வெளியே ஒரு பூட்டு. நூலின் பெயரை முதுகில் படிக்கலாம். புரட்டிப் பார்க்க முடியாது. எங்களில் சிலர் சென்ற ஒரு நூலகத்தில், "எந்தப் புத்தகம் வேண்டும் என்று சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன்" என்றார்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தானே நாங்கள் போனோம்!

ஆயினும் நூலகரைக் குறை கூறுமுன் அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். குறித்த காலத்தில் இருப்பைச் சரிபார்க்க அதிகாரிகள் வருவார்கள். பதிவேட்டில் எண் இருந்து அலமாரியில் நூல் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தாம். விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் வேறு. அஞ்சுகிறவர் பூட்டத்தான் செய்வார். எனவே நூலகரின் அறம் அவருடைய நற்குணத்தை மட்டும் பொறுத்ததன்று. தொலைகின்ற நூலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

பூட்டு புதிதுமன்று. அச்சு இயந்திரம் தோன்றுமுன் ஐரோப்பாவில் நம் துறவியர் நூல்களைக் கையால் எழுதினார்கள். ஒரு நூல் முடிய மாதங்கள் ஆகும். ஆகவே மடங்களிலும் பேராலயங்களிலும் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூல்களை இன்றும் காணலாம். அன்று அது தவறாகாது. அச்சு வந்து நூல்கள் பெருகிய பின்பும் சங்கிலி மனம் மாறவில்லையே, அதுதான் வருத்தம்.

நம் நாட்டில் அந்த மனத்தை மாற்றியவர் டாக்டர் எஸ். ஆர். இரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே சலித்துப்போய், "மறுபடியும் கணக்குச் சொல்லித்தரவே போய்விடுகிறேன்" என்று கேட்டாராம்! பின்பு லண்டனுக்குப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே சாதாரண மக்களும் அலமாரி வரை சென்று தாமே நூலை எடுத்துப் பார்ப்பதைக் கண்டார். 1925-இல் திரும்பி வந்து, தம் நூலகத்திலும் அதே முறையைக் கொண்டுவந்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது அவற்றுள் முதல் விதி. இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் நூலகத்தை ஊருக்கு நடுவில் வைக்க வேண்டும், வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும் திறக்க வேண்டும், உட்கார நாற்காலி போட வேண்டும், பூட்டையும் எடுக்க வேண்டும். பிறருக்கு உபதேசிக்குமுன் தம் பொறுப்பிலிருந்த அலமாரியை அவர் திறந்துவிட்டார். தலைமை என்று நாம் மதிப்பது இதைத்தான்.

அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் இரங்கநாதனே. நம் மதுரைக்கும் ஒரு கதை உண்டு. இங்கே சொற்பொழிவுக்கு வந்த பாண்டித்துரைத் தேவர் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்க, ஊரில் எங்குமே கிடைக்கவில்லையாம். அந்த வேதனையே 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் உருவாகக் காரணம் என்பர். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும் பிறந்தது.

இரங்கநாதனின் முயற்சியாலும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவாலும் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் இதுவே. இதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே பொது நூலகத்தில் பூட்டியிருக்கும் நூல் நம் பெற்றோர் கட்டிய பணத்தில் வாங்கியதுதான்.

சரி, திறந்தால் தொலையாதா? சில தொலையும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றன. ஓராண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை இழப்பு நேர்ந்தால் அது இயல்பு என்று கொள்ளலாம்; நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பத்தாயிரம் தடவை நூல் கைமாறினால் ஐம்பது! ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ, அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரணை உண்டு. இவ்விதி மத்திய அரசு நூலகங்களுக்கு உரியது. எல்லாப் பள்ளி நிர்வாகங்களும் இப்படி ஒரு கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டால் எத்தனை நூலகர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

அரிய நூல்களின் நிலை வேறு. அவற்றை யார் கையிலும் கொடுத்துவிட முடியாது. அதற்காகப் பூட்டினால் மட்டும் பிழைத்துவிடுமா? யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எண்ணிப் பாருங்கள். 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டு நூல்களைப் பிறருக்குப் படிக்கக் கொடுத்ததில் தொடங்கியது அது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லாங் அடிகளார் கட்டடத்துக்காக உழைத்தார். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1981-இல் மே 31 இரவு வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே தமிழறிஞர் தாவீது அடிகளார் உயிர் நீத்தார். தீக்குப் பூட்டு ஒரு பொருட்டா? படி எடுத்து வைப்பதே காவல். கோட்டையூர் ரோஜா முத்தையா ஓர் ஆயுட்காலம் தேடிச் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரால் விளங்கும் நூலகத்தில் நுண்படமாகவும் கணினியிலும் படியெடுக்கப்படுகின்றன. மூலம் பத்திரமாக உள்ளே இருக்கிறது. படிப்பவர் படியைப் படிக்கிறார்.

பூட்ட வேண்டியது ஒன்றே ஒன்று உண்டு. அதை நாம் பெரும்பாலும் திறந்தே போட்டிருக்கிறோம். யார் எந்த நூலை எடுத்தார் என்று எழுதும் குறிப்பேடுதான் அது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் வகுத்த நெறிகளிலேயே, வாசகரைப் பற்றி நூலகர் அறிந்ததை வெளியிடலாகாது என்ற நெறி இருக்கிறது. பல இடங்களில் அந்தக் குறிப்பேடு மேசைமேல் விரிந்து கிடக்கிறது. வரிசையில் நிற்கும் எவரும் புரட்டி, "இவளுக்கு எதற்கு மருத்துவ நூல்?" என்று கேட்டுவிடலாம். அம்மாவின் நோயைப் பற்றி அறிய அவள் எடுத்திருக்கக் கூடும். அடுத்த முறை அவள் அந்த அலமாரிப் பக்கமே போகமாட்டாள், அது திறந்திருந்தாலும். 2023 ஜூலை 15-இல் நம் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய இடங்களில் இத்தகைய பதிவுகள் கணினிக்குள் போய்விட்டன. அந்தக் கணினியின் திறவுச்சொல் இன்றைய நூலகர் கையில் இருக்கிறது.